வரேன்னு சொன்ன வண்டி

எங்கள் காரில் ஏழு பேர் ஏறுவோம். எட்டாவதாக ஒன்று ஏறும், அதன் பெயர் புளூடூத். ஏழு பேரும் சேர்ந்து அடிக்கிற கூத்தைவிட அந்த ஒன்று அடிக்கிற கூத்துதான் பெரிது. அது செய்த வேலையால் ஒரு கல்யாணமே அந்தரத்தில் தொங்கியது. கேளுங்கள்.

நான் மெர்சி. கடம்பத்தூரில் ஏறிக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறங்குகிறவள். பம்பு செய்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவு. காரில் முன்சீட்டு என்னுடையது. பின்னால் உட்கார்ந்தால் பெரியபாளையம் தாண்டுவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும் என்பதால் இதில் யாருக்கும் மறுபேச்சுக் கிடையாது. ஒரே ஒருவர் ஒருநாள் மறுபேச்சுப் பேசிப் பார்த்தார். அன்றைக்கு அவர் சட்டை போயிற்று.

கார் டிரைவர் அரசப்பன் அண்ணனுடையது. கம்பெனிக்குக் காண்டிராக்டில் ஓடுகிறது. தங்கமான மனிதர். பெண்டாட்டி அஞ்சம்மாள் பேச ஆரம்பித்தால் மட்டும் அவருக்குக் காது மந்தமாகிவிடும். அந்த அம்மாள் எதைக் கேட்டாலும் 'சரி, சரி' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, என்ன கேட்டாள் என்று எங்களிடம் விசாரிப்பார்.

முன்பெல்லாம் காரில் பாட்டுக்குச் சண்டை வரும். ஒருவருக்குக் கானா வேண்டும், இன்னொருவருக்கு அம்மன் பாட்டு வேண்டும், எனக்கு ஜெபப் பாட்டு வேண்டும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் அடங்கினார்கள். வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பதுபோல ஆளுக்கொரு நாள் என்று பாட்டு முறை வைத்தேன். யார் முறையோ அவர் தன் போனைக் காரின் புளூடூத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இப்படியே எங்கள் அத்தனை பேர் போனையும் அந்தக் கார் தன் ஞாபகத்தில் வைத்துக்கொண்டது.

வினை அங்கேதான் ஆரம்பம். அரசப்பன் அண்ணனின் போன் ரோட்டில் காரோடு நன்றாக ஒட்டும். கம்பெனி கேட்டருகே வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒட்டவே ஒட்டாது. அவர் திருவள்ளூர் பஜாரில் ஒரு கடையில் காட்டினார். கடைக்காரன் வண்டியை ஸ்டார்ட் செய்தான், ஒட்டியது. "இன்னாண்ணா, நல்லாத்தான கீது" என்று சொல்லிவிட்டு நாஷ்டா சாப்பிடப் போய்விட்டான். அண்ணன் போனை அணைத்துப் போட்டார், காரை அணைத்துப் போட்டார், கடைசியில் எலுமிச்சம்பழம் வாங்கிக் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டார். பழம் வாடியதுதான் மிச்சம்.

"அந்த எடத்துல ஏதோ கீதும்மா. கேட்டாண்ட வந்தாலே வண்டி பேஜார் பண்ணுது" என்றார்.

"பிசாசுக்கு வேற வேலை இல்ல பாருங்க, உங்க டப்பா பாட்டு செட்டுல வந்து குந்திக்கினு கீது" என்றேன் நான்.

இப்போது விமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். விமல் எங்கள் ஊர்ப் பையன். அசெம்பிளியில் வேலை, இன்னும் காண்டிராக்டுதான். கெட்ட பழக்கம் என்று எதுவும் இல்லை, 'பாக்கலாம்' என்ற ஒரு சொல்லைத் தவிர. டீ சாப்பிடுகிறாயா என்றால் பாக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வருகிறாயா என்றால் பாக்கலாம். அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கத் திருவள்ளூர்க் கடைக்குப் போனவன், பிரேம்களைப் பார்த்துப் பார்த்து மூன்று தடவை பாக்கலாம் சொல்லித் திரும்பி வந்தான். அந்தக் கடையில் வேலை செய்கிற பெண் நான்காம் தடவை தானே ஒரு பிரேமை எடுத்துக் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அவள்தான் குணசுந்தரி. திருவாலங்காட்டுக்காரி. அப்படி ஆரம்பித்த பழக்கம் இரண்டு வருஷமாக ஓடுகிறது.

அந்தப் புதன்கிழமை பாட்டு முறை விமலுடையது. காலையிலேயே இழவு வீட்டுப் பாட்டாகப் போட்டுக்கொண்டு வந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடா, யாருக்கு கருமாதி?"

"எனக்குத்தான்க்கா" என்றான் பின்சீட்டிலிருந்து.

பிறகு மென்று முழுங்கிச் சொன்னான். குணசுந்தரி தன் அப்பா பூவராகவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவர் நெல் நிலம் வைத்திருக்கிறவர், ஒரே சொல்காரர். "அந்தப் பையன் சனிக்கிழமை ஊட்டுக்கு வந்து முறையா கேக்கட்டும். வர்லன்னா, ஞாயித்துக்கிழமை பள்ளிப்பட்டுலேர்ந்து வரவங்களுக்கு தட்டு மாத்திடுவேன்" என்று முடித்துவிட்டார். குணசுந்தரி இன்றைக்கு மத்தியானம் போன் செய்வாளாம். வருகிறாயா இல்லையா என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமாம்.

"நீ இன்னா சொல்லப் போற?"

"பாக்கலாம்க்கா. பர்மனென்ட் லிஸ்ட்டு வந்துச்சுன்னா கொஞ்சம் தெகிரியமா போலாம். அவங்கப்பா முன்னாடி எனுக்கு வாயே வராது."

"இரு இரு. மத்தியானம் உன் போன் கேட்டு பொட்டியில இல்ல இருக்கும்?"

அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. கேட்டில் செக்யூரிட்டி சின்னராசு அறையில் புறாக்கூண்டு மாதிரி அறை அறையாகத் தடுத்த ஒரு மரப் பெட்டி இருக்கிறது. போனை அதில் வைத்து டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும், சாயந்திரம் டோக்கனைக் கொடுத்து எடுக்க வேண்டும். மத்தியானம் யாராலும் எடுக்க முடியாது என்று தெரிந்தேதான் இந்த மகராசன் அவளை மத்தியானம் போன் செய்யச் சொல்லியிருக்கிறான்.

"த்தூ! நீயெல்லாம் ஒரு ஆம்பள" என்றேன். என்னிடம் குடிக்கத் தண்ணீர் இருந்தது, அதனால் துப்பவில்லை, குடித்தேன். அன்றைக்குக் கேட்டில் இறங்கும்வரை அவனோடு நான் பேசவில்லை.

சாயந்திரம் ஷிப்ட் முடிந்து வந்து போனை எடுத்தவன், நின்ற இடத்திலேயே நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். மத்தியானம் குணசுந்தரி போட்ட அழைப்பு இருந்தது. ஆனால் அது எடுக்காமல் விட்ட அழைப்பு இல்லை. யாரோ எடுத்துப் பேசி வைத்த அழைப்பு. கீழே அவளிடமிருந்து ஒரு செய்தி. 'நைனாகிட்ட சொல்லிட்டேன். சனிக்கிழமை ராகு காலம் முடிஞ்சு பத்தரைக்கு மேல வா. அம்மாவையும் கூட்டிக்கினு வா.'

விமல் நேராகச் சின்னராசுவிடம் போனான். "அண்ணா, என் போனை யார் எடுத்தது?"

சின்னராசுவுக்கு மீசை துடித்தது. "யோவ், பூட்டு போட்ட பொட்டி. சாவி என் இடுப்புல. காலையிலேர்ந்து ஒரு ஈ காக்கா கிட்ட வர்ல."

"அப்ப யாரு என் ஆளுகிட்ட பேசினது?"

"உன் ஆளுகிட்ட நான் பேசணும்னு எனக்கின்னா தலையெழுத்து? என் பொண்டாட்டிகிட்ட பேசவே எனக்கு நேரம் இல்ல. வந்துட்டான், திருடன்னு சொல்றதுக்கு!"

கைகலப்பு ஆகாமல் நான் விமலின் காலரைப் பிடித்து இழுத்துக் காரில் போட்டேன். வீடு போய்ச் சேரும்வரை பின்சீட்டில் ஆளுக்கொரு பேச்சு. போனை ஹேக் செய்துவிட்டார்கள் என்றார் ஒருவர். அவனுக்கே தெரியாமல் மனசாட்சி பேசியிருக்கும் என்றார் இன்னொருவர். அரசப்பன் அண்ணன் மட்டும் எதையும் காதில் வாங்காமல் ஓட்டினார். அவருக்கு வேறு எதிலோ யோசனை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை அவர் வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தது. நான் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"மெர்சிம்மா, நீயே நாயம் சொல்லு. நேத்து மத்தியானம் எங்க ஊட்டுக்காரி போன் பண்ணா. 'சனிக்கிழமை வரியா வர்லியா, ஒரே வார்த்தையில சொல்லு'ன்னா. அவ தம்பி புள்ளைக்கு காது குத்து. ஒரு வாரமா இதே பாட்டு. தொல்லை உட்டா போதும்னு 'வரேன், வரேன், உங்க நைனாகிட்டயே சொல்லிடு'ன்னு சொல்லி வெச்சேன். ராத்திரி ஊட்டுக்கு போயி, 'அதான் வரேன்னு சொல்லிட்டனே'ன்றேன், 'நான் எப்ப உனுக்கு போன் பண்ணேன்? எவகிட்ட வரேன்னு சொன்ன?'ன்னு தோசை கரண்டிய எடுத்துக்கினு வந்துட்டா."

பின்சீட்டில் விமல் நிமிர்ந்து உட்கார்ந்தது கண்ணாடியில் தெரிந்தது.

"எங்க இருந்தீங்க அப்ப?" என்று கேட்டேன்.

"கேட்டாண்டதான். லாரி திரும்பணும், வண்டிய நகத்துன்னாங்க. ஸ்டார்ட் பண்ணேன். செட்டுல மணி அடிச்சுது. பச்சை பட்டன அமுக்கினேன்."

"யார் போன் பண்றாங்கன்னு செட்டுல பாக்கலியா?"

"அதுல எங்க தெரியுது? பாதி செத்துப் போயி கோடு கோடா இல்ல ஓடுது."

"குரல் தெரியலியா?"

"அந்த ஸ்பீக்கர் கிழிஞ்சி எத்தினி நாளாச்சு! அதுல எந்தப் பொம்பள பேசினாலும் எங்க ஊட்டுக்காரி மாதிரிதாம்மா கேக்குது. அதுவும் வரியா வர்லியான்னு அதட்டினா, வேற யாருன்னு நெனைப்பேன்?"

"உங்க போனைக் குடுங்க."

வாங்கிப் பார்த்தேன். நேற்று மத்தியானம் அவருக்கு ஒரு அழைப்பும் வரவில்லை.

"அண்ணா..." விமலின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நீங்களா?"

கம்பெனிக்குப் போனதும் முதல் வேலையாக நான் சோதித்துப் பார்த்தேன். அன்றைக்குப் பாட்டு முறை என்னுடையது. என் போனைச் சின்னராசுவிடம் கொடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். அரசப்பன் அண்ணன் எப்போதும் காரை நிறுத்துகிற இடம் அந்த அறையின் சுவரை ஒட்டித்தான். ஒரு செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் பெட்டி. அவரை வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். செட்டு 'டிங்' என்றது. அடுத்த நிமிஷம், பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிற என் போனிலிருந்து 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று என் ஜெபப் பாட்டு காருக்குள் முழங்கியது.

எனக்கே புல்லரித்துவிட்டது. விஷயம் இதுதான். காலையில் கடைசியாக யார் போன் சேர்ந்திருந்ததோ, அதைத்தான் அந்தச் செட்டு முதலில் தேடுகிறது. பக்கத்திலேயே பெட்டிக்குள் அது கிடைத்துவிடுகிறது. அப்புறம் அண்ணன் போனை எங்கே கவனிக்கும்? ரோட்டுக்குப் போனால் நாங்கள் யாரும் இல்லை, அவர் போன் மட்டும்தான், ஒட்டிக்கொள்கிறது. பஜார்க் கடையில் கோளாறே தெரியாமல் போனதும் இதனால்தான். புதன்கிழமை விமல் முறை. அதனால் அவனுக்கு வந்த அழைப்பு காருக்கு வந்தது.

"பாத்தியா!" என்று சின்னராசு விமலைப் பார்த்துக் கத்தினார். "திருடன் நான் இல்ல, செவுத்தாண்ட நிக்கிற அந்த வண்டி. மன்னிப்புக் கேளு!" விமல் கேட்டான். அதற்கு மட்டும் பாக்கலாம் சொல்லவில்லை.

சாயந்திரம் வண்டி கிளம்புவதற்கு முன் நானே செட்டின் முன் உட்கார்ந்தேன். கோடு கோடாக ஓடுகிற திரையில் கண்ணை இடுக்கிப் பார்த்து, அது ஞாபகம் வைத்திருந்த போன்களை ஒவ்வொன்றாக அழித்தேன். விமல் போனான். நான் போனேன். பின்சீட்டுக்காரர்கள் எல்லாரும் போனார்கள். 'சிங்கக்குட்டி' என்று ஒரு போன் இருந்தது. யாரென்று கேட்டால், எப்போதோ சவாரி வந்த கல்யாண மாப்பிள்ளையாம். அவனும் போனான். கடைசியில் அரசப்பன் அண்ணன் போனை மட்டும் புதிதாகச் சேர்த்தேன். அணைத்துப் போட்டுப் பார்த்தோம். கேட்டருகேயே முதல் தடவையிலேயே ஒட்டியது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து வீசினார்.

இடையில் என் விரல் வேறு எதிலோ பட்டு, அழைப்பு வந்தால் செட்டு தானாகவே எடுத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. அதை எப்படி மாற்றுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"உடும்மா, நல்லதாப் போச்சு. பட்டன தேட வேணாம்" என்றார் அண்ணன்.

செட்டு சரியாகிவிட்டது. விமல்தான் சரியாகவில்லை. வழியெல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தான்.

"குணாவுக்கு போன் பண்ணி உண்மைய சொல்லிடறேன்க்கா. சொன்னது நான் இல்ல, ஒரு ரெண்டு மாசம் டைம் குடுன்னு."

எனக்கு வந்த கோபத்தில் முன்சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். வாந்தி வந்தாலும் வரட்டும் என்று. "டேய், ரெண்டு வருஷத்துல சொல்லாதத ரெண்டு மாசத்துல சொல்லிக் கிழிச்சிடுவியா? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்க மாட்டான்ற கதையா கீதே! உனக்கு அவ வேணுமா வேணாமா? அதைச் சொல்லு முதல்ல."

"வேணும்க்கா." அது மட்டும் சட்டென்று வந்தது. "ஆனா நான் குடுக்காத வாக்க வெச்சிக்கினு எப்பிடிப் போயி நிக்கறது? பொய்யில்ல அது?"

இதற்குப் பதில் சொன்னது அரசப்பன் அண்ணன்தான்.

"வாக்கு குடுத்தது நானு. எவகிட்ட குடுத்தா இன்னா, வாய் என்னுதுதான? இவன் வர்லன்னாலும் சனிக்கிழமை நான் போவேன். அந்தப் பெரியவர் ஊட்டு வாசல்ல நின்னு, 'வரேன்னு சொன்னது நான்தாங்க, வந்துட்டேன்'னு சொல்லிட்டு வருவேன்."

"போயி? பொண்ணு கேப்பீங்களா? அஞ்சம்மா அண்ணிக்கு தெரிஞ்சா தோசை கரண்டி ஒடிஞ்சிடும்" என்றேன். கார் குலுங்க எல்லாரும் சிரித்தார்கள். விமல்கூடச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா?

"பாக்கலாம்ணா."

தண்ணீர் பாட்டில் என் கையில்தான் இருந்தது. எறிந்தேன். குறி தப்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை கம்பெனிக்கு லீவு. அரசப்பன் அண்ணன் காரைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தார். காது குத்துக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "கம்பெனி டூட்டின்னு சொல்லிட்டேன்" என்றார் கண்ணைச் சிமிட்டி. எனக்கும் மனசு கேட்கவில்லை, ஒரு பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டேன். விமல் வீட்டுத் தெருமுனையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தோம். அவன் வருவானா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ராகு காலம் முடிய வேண்டும், திருவாலங்காடு போய்ச் சேர வேண்டும், நாளைக்குப் பள்ளிப்பட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள். கர்த்தரே, இந்தக் கழுதைக்கு ஒரு நாளைக்காவது கால் முளைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

முதலில் அவன் அம்மா வந்தார்கள். கையில் தாம்பாளம், தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ. "மூணு சட்டை மாத்திட்டாம்மா" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்கள். பின்னாலேயே நான்காவது சட்டையில் விமல் வந்தான். ஏறிக் கதவை மூடிக்கொண்டான்.

பூவராகவன் வீட்டு வாசலில் டிராக்டர் நின்றது. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அரசப்பன் அண்ணன் தெருவுக்கெல்லாம் கேட்கட்டும் என்று வண்டியில் பாட்டை ஓடவிட்டு, கதவைத் திறந்தே வைத்துவிட்டு, சாவியை அதிலேயே விட்டு இறங்கினார். சரியாகிவிட்ட புளூடூத்தை ஊருக்குக் காட்டுகிற பெருமை. வீட்டு நிலைப்படி ஓரமாக நின்றுகொண்டார்.

எங்களைப் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். பூவராகவன் நாற்காலியில் உட்கார்ந்து விமலை மேலும் கீழும் பார்த்தார். சம்பளம் கேட்டார், வேலை கேட்டார், வீடு கேட்டார். எதுவும் அவருக்குப் பிடித்ததாகத் தெரியவில்லை.

"சொந்த ஊடு இல்ல, வேலையும் நெலை இல்ல" என்றார் கடைசியில். "ஆனாலும் ஒண்ணு. நீ வழவழா கொழகொழான்னு இருப்பேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். எம் பொண்ணு கேட்டதும் ஒரே வார்த்தையில வரேன்னு சொன்னியாமே, உங்க நைனாகிட்டயே சொல்லிடுன்னு! அந்த வார்த்தைக்காகத்தான் நாளைக்கி வரவங்கள கொஞ்சம் பொறுங்கன்னு நிறுத்தி வெச்சிகீறேன்."

தலையை ஆட்டினால் போதும். ஒரே ஒரு ஆட்டு. 'ஆட்டுடா' என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

விமல் ஆட்டவில்லை. "அது நான் சொல்லலீங்க" என்றான்.

அவன் அம்மா தாம்பாளத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னாது?"

"நான் சொல்லலீங்க. என் போன் கம்பெனி கேட்டுல பூட்டி இருந்துச்சு. புளூடூத் மாறி வண்டியில அடிச்சு, டிரைவரண்ணன் எடுத்து சொல்லிட்டாரு. என்னைக் கேட்டிருந்தா பாக்கலாம்னுதான் சொல்லியிருப்பேன். எனுக்கு உங்கள நெனச்சா பயம். இப்பவும் பயமாத்தான் கீது." ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. "அந்த வார்த்தை என்னுது இல்லீங்க. ஆனா வந்து நிக்கறது நானு. அவள எனுக்குக் குடுங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வருஷமாகக் காரில் வருகிறான், இத்தனை வார்த்தையை அவன் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை.

பூவராகவன் முகம் இறுகியது. உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "குணா! இவன் இன்னா சொல்றான் கேட்டியா? எவனோ டிரைவர் சொன்னானாம்!"

குணசுந்தரி டம்ளர்களோடு வந்தாள். பதறவே இல்லை. "தெரியும் நைனா" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"மத்தியானத்துல இவுரு போன் பொட்டியில இருக்கும்னு எனுக்குத் தெரியாதா? எடுக்க மாட்டாருன்னு தெரிஞ்சிதான் போட்டேன். ரிங்கு போயி நிக்கும், அதையே பதிலா எடுத்துக்கினு நீங்க சொல்ற எடத்துக்கு தலைய நீட்டிடலாம்னு இருந்தேன்." டம்ளரை விமலிடம் நீட்டினாள். "யாரோ ஒரு பெரியவர் எடுத்து 'வரேன்'னாரு. இவுரு வாயிலேர்ந்து ஒருநாளும் வராத வார்த்தை. குரல் கேட்டதுமே இவுரு இல்லன்னு தெரிஞ்சிபோச்சு."

"தெரிஞ்சுமா எங்கிட்ட வந்து சொன்ன?"

"ஆமா. வராரா வர்லியான்னு..." அவள் விமலைப் பார்த்தாள். "பாக்கலாம்னுதான்."

விமல் தலையைக் குனிந்துகொண்டான். காது இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்துவிட்டது. பூவராகவன் மகளைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

அப்போது வாசலில் பாட்டு நின்றது. 'டிங்' என்றது. செட்டு தானாக அழைப்பை எடுத்துக்கொண்டது. திறந்திருந்த கார்க் கதவு வழியாக, கிழிந்த ஸ்பீக்கரில், அந்தத் தெரு முழுக்க அஞ்சம்மாள் அண்ணியின் குரல் கிளம்பியது.

"யோவ்! கம்பெனி லீவாமே! டூட்டின்னு பொய் சொல்லிட்டு எங்கய்யா ஊர் மேஞ்சிக்கினு கீற? இங்க புள்ளைக்கு காது குத்தப் போறாங்க. வரேன் வரேன்னு வாய் கிழிய சொன்னியே, இப்ப வரியா வர்லியா?"

களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கைவேலையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் பார்த்தார்கள். நிலைப்படியில் நின்ற அரசப்பன் அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பதா, வண்டிக்கு ஓடுவதா என்று தெரியாமல் பம்பரமாகச் சுற்றினார்.

பூவராகவன் மெதுவாக எழுந்து வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தார். "அந்த டிரைவர் நீதானா?"

"ஆமாங்க" என்றார் அண்ணன் ஈனஸ்வரத்தில்.

பெரியவருக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு குலுங்கியது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"ஒருத்தன் வரேன் வரேன்னு சொல்லிட்டுப் போகாம நிக்கிறான். ஒருத்தன் சொல்லாமலே வந்துட்டான். எவன நம்பிப் பொண்ணக் குடுக்கறதுன்னு இதுக்கு மேலயா யோசிக்கணும்? பள்ளிப்பட்டுக்கு நான் போன் பண்ணிக்கிறேன். அம்மா, நீ அந்தத் தட்ட குடு."

விமலின் அம்மா தாம்பாளத்தை நீட்டினார்கள். வெளியே ஸ்பீக்கரில் அண்ணி இன்னும் முடிக்கவில்லை. அரசப்பன் அண்ணன் செருப்பை மாட்டாமலேயே வண்டிக்கு ஓடினார். "வரேன்மா, இதோ வந்துக்கினே கீறேன்" என்று அவர் கத்தியது ஸ்பீக்கருக்கும் கேட்டது, எங்களுக்கும் கேட்டது. அவர் வண்டியோடு காது குத்துக்குப் பறந்துவிட்டதால் நாங்கள் திரும்புவதற்கு வண்டி இல்லை, திருவாலங்காடு ஸ்டேஷனுக்கு ரயில் பிடிக்கத்தான் போனோம். குணசுந்தரி தெருமுனைவரை வந்து எங்களை அனுப்பிவிட்டுப் போனாள்.